பள்ளிக்குள் ஓர் அமைதி மூலை



திருவிழாக் காலத்தில் கூடும் அவையில் பிள்ளைகளின் கல்வி பற்றிய பேச்சு இடம்பெறுவது புதிதன்று. மதிப்பெண், உயர்கல்வி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவை ஆண்டுதோறும் பேசப்படுகின்றன. அவை அனைத்திற்கும் முன்னே நிற்கும் ஒன்று மட்டும் பேசப்படுவதில்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் உடலும் உள்ளமும் கற்பதற்கு இசைந்த நிலையில் இருக்கின்றனவா என்பதே அது. அந்நிலையை இழந்த பிள்ளை அதனை மீண்டும் அடைவதற்குப் பள்ளியில் ஓர் இடம் வேண்டும் என்பதும், அவ்விடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதும் இவ்வுரையின் பொருளாகும்.

பள்ளி என்னும் சொல்

தமிழில் 'பள்ளி' என்ற சொல்லுக்குக் கல்விக்கூடம் என்பது ஒரு பொருள். படுக்கை, துயிலிடம், இளைப்பாறும் இடம் என்பது மற்றொரு பொருள். பள்ளியறை, பள்ளியெழுச்சி ஆகிய சொற்களில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. சமண முனிவர் உறைந்த இடங்களும் பள்ளி என்றே வழங்கப்பட்டன. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குன்றிலுள்ள ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகளை இன்றும் காணலாம். துறவியர் தங்கிய இடமே மாணாக்கர்க்குப் பாடம் சொல்லும் இடமாகவும் விளங்கியமையால் அப்பெயர் கல்விக்கூடத்திற்கு ஆகிவந்தது என்று அறிஞர் பலர் கருதுவர்.

இளைப்பாறுதலும் கற்றலும் இவ்வாறு ஒரே சொல்லில் உறைகின்றன. ஆயினும் இன்றைய பள்ளிக்கூடத்தில் கற்றலுக்கு அறைகள் பல உண்டு. இளைப்பாறுதலுக்கு ஒரு மூலையும் இல்லை. காலை வழிபாட்டின் ஒலிபெருக்கி, பாடவேளைதோறும் அலறும் மின்மணி, தகரக் கூரையில் அறையும் மழை, ஐம்பது பேர் நெருங்கியமர்ந்த வகுப்பின் வெப்பம், சாப்பாட்டுக் கூடத்தின் தட்டோசை என ஒன்று மாற்றி ஒன்று பிள்ளையின் மீது வந்து மோதுகிறது. வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபலுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. அது ஏறத்தாழ அமைதியான நூலகத்தின் நிலை. சாலையோரப் பள்ளி ஒன்றின் வகுப்பறை அதற்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை எவரும் காதாலேயே அளந்துகொள்ளலாம்.

எட்டு வாயில்கள்

ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கை கொண்டு வகுத்தறிந்த மரபில் வந்தோர்க்கு ஐம்புலன்களை விளக்க வேண்டுவதில்லை. இக்கால உடலியல் அவ்வைந்தோடு மேலும் மூன்றினைச் சேர்த்து எண்ணுகிறது. முதலாவது, உட்செவியில் அமைந்த சமநிலைப் புலன். தலை சாய்வதையும் உடல் சுழல்வதையும் அறிவது இது. இரண்டாவது, தசைகளிலும் மூட்டுகளிலும் அமைந்த உடல்நிலைப் புலன். கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே இருக்கிறது என்று தெரிவது இதனால்தான். மூன்றாவது, பசி, தாகம், இதயத்துடிப்பு, வயிற்றுக் கலக்கம் ஆகியவற்றை உணர்த்தும் உட்புலன்.

இவ்வெட்டு வாயில்கள் வழியாகவும் இடைவிடாது செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. வேண்டுவதை ஏற்று, வேண்டாததை ஒதுக்குவது மூளையின் பணி. பெரும்பாலோர்க்கு மின்விசிறியின் ஓசை சற்று நேரத்தில் கேட்காமற் போய்விடும். சில பிள்ளைகளுக்கு அது ஓய்வதே இல்லை. சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் தைத்த சிறு துணிச்சீட்டு நாள் முழுதும் முள்ளாய்க் குத்தும். பக்கத்தில் அமர்ந்தவரின் முழங்கை தற்செயலாகப் பட்டாலும் அடிபட்டது போல் துடிப்பர். வேறு சில பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்கு வரும் செய்தி போதாது. ஆகவே பெஞ்சில் ஆடுவர், பென்சிலைக் கடிப்பர், நடக்கும்போது சுவரை இடித்துக்கொண்டு நடப்பர். ஒரே பிள்ளையிடம் இவ்விரு தன்மைகளும் சேர்ந்திருத்தலும் உண்டு.

இதனை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்க நாட்டின் ஜீன் அயர்ஸ் என்னும் அம்மையார். ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையில் வல்லுநரான அவர், புலன்செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் முறைக்கும் கற்றல் இடர்ப்பாடுகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1972ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அதுவரை அடங்காமை என்றும் சோம்பல் என்றும் பெயரிடப்பட்ட நடத்தைகள் பலவற்றின் பின்னே உடலின் காரணம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவரால் பரவியது.

இதனை ஒரு பள்ளி நாளோடு பொருத்திப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் என்று கொள்வோம். காலை வழிபாட்டில் ஒலிபெருக்கிக்கு அருகில் நின்றான். அடுத்து வகுப்புமாறும் நெரிசலில் மூவர் தள்ளிச் சென்றனர். கணக்குப் பாடத்தில் விடை தெரிந்தும் கரும்பலகைக்குச் செல்லத் தயங்கினான். ஆசிரியர் குரலை உயர்த்தினார், பின்வரிசை நகைத்தது. அவன் நோட்டைக் கிழித்து எறிந்துவிட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். ஆசிரியர் கண்டது கடைசி நிகழ்ச்சியை மட்டுமே. ஆகவே 'திமிர்' என்ற ஒரு சொல் அவன்மேல் விழுந்தது. வீட்டிற்குக் கடிதம் சென்றது. தந்தையார் அடித்தார். மறுநாள் காலையில் வயிற்றுவலி என்று அவன் படுத்துக்கொண்டான். இத்தகைய காலைகள் பத்து சேர்ந்தால் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நழுவத் தொடங்கிவிடுகிறான். இழப்பு அத்துணைப் பெரிது. தொடக்கமோ ஓர் ஒலிபெருக்கி.

மேசைக்கு அடியில் அவன் தேடியது இருளையும், ஒதுக்கத்தையும், முதுகுக்கு ஒரு சுவரையும் ஆகும். தனக்கு வேண்டிய இடத்தை அவன் உடல் தானே கண்டுகொண்டது. அவ்விடத்தைப் பள்ளி முறையாக அமைத்துத் தருமாயின், நோட்டைக் கிழிப்பதற்கு முன்னரே அவன் அங்கே சென்றிருப்பான்.

பிற நாடுகளில் தோன்றிய முறை

இத்தகைய அறைகளின் வரலாறு அரை நூற்றாண்டிற்குச் சற்று மேற்பட்டது. நெதர்லாந்து நாட்டில் ஏடே நகரத்தருகே அமைந்த ஹார்டன்பெர்க் இல்லத்தில் கடும் அறிவுத்திறன் குறைபாடுடையோர் பராமரிக்கப்பட்டு வந்தனர். அவர்களுக்காக யான் ஹுல்செக, அட் வெர்ஹூல் என்னும் இருவர் 1970களில் மெல்லொளியும், இன்னிசையும், தொட்டுணரும் பொருள்களும் நிறைந்த அறைகளை உருவாக்கினர். மோப்பம் பிடித்துத் தேடுதல், கண்ணயர்தல் என்று பொருள்படும் இரண்டு டச்சுச் சொற்களை இணைத்து 'ஸ்னூசெலன்' என்று அதற்குப் பெயரிட்டனர். அங்கிருந்து இம்முறை பல நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும், பின்னர்ப் பொதுப் பள்ளிகளுக்கும் பரவியது.

ஆட்டிசம் உடையவரும் பின்னாளில் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தவருமான டெம்பிள் கிராண்டின் அம்மையாரின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. இளமையில் அவருக்குப் பிறர் அணைத்தல் தாங்க இயலாததாக இருந்தது; அதே வேளையில் அழுத்தமான அணைப்பிற்கு அவர் உடல் ஏங்கியது. உறவினரின் பண்ணையில், தடுப்பூசி போடும்போது மாடுகளை நிறுத்தும் பலகைக் கூண்டினுள் அவை அமைதியடைவதைக் கண்டார். இருபுறமும் பலகைகள் மெல்ல அழுத்தும் கருவி ஒன்றைத் தமக்கென அமைத்துக்கொண்டார். அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையிலேயே இருந்தன. பிறர் அணைப்புத் தர முடியாத அமைதியை அது தந்தமைக்கு அதுவே காரணம்.

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆட்டிசம் உடைய 41 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வும் இதனையே காட்டியது. அறையின் ஒளியையும் ஓசையையும் தாமே மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தபோது குழந்தைகளின் கவனம் கூடியது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் குறைந்தது. அறையின் பயன் அதனுள் இருக்கும் பொருள்களின் விலையைப் பொறுத்ததன்று என்பதும், பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதும் இவற்றால் விளங்கும்.

பாட்டி வீட்டுப் பொருள்கள்

புலன் அறை என்றவுடன் குமிழி எழும் ஒளித்தூண்களும், இழை விளக்குகளும், இலட்சக்கணக்கான ரூபாய்ச் செலவும் பலர் நினைவுக்கு வருகின்றன. சிற்றூர்ப் பள்ளிக்கு அவை வேண்டுவதில்லை. பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள ஓர் அறை போதும். அதுவும் இல்லையெனில் நூலகத்தின் ஒரு மூலையைத் திரையிட்டு ஒதுக்கலாம். மின்மணிக்கும், சத்துணவுக் கூடத்திற்கும், கழிப்பறைக்கும் அருகில் அவ்விடம் இருத்தலாகாது. சுவருக்கு வெளிர்நீலமோ மண்நிறமோ பூசலாம். படங்கள் மிகுதியாக ஒட்டலாகாது. சன்னலுக்குப் பருத்தித் திரையும், கண் கூசாத மஞ்சள் விளக்கும், தரைக்குக் கோரைப்பாயும் அமைக்கலாம்.

உள்ளே வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்தவையே. பழைய பருத்திச் சேலையில் கட்டிய தூளி குழந்தையை எல்லாப் பக்கமும் அணைத்தபடி ஆட்டுகிறது. இன்றைய சிகிச்சை அறைகளில் தொங்கும் துணி ஊஞ்சல் செய்வதும் இதனையே. கூடத்து ஊஞ்சல் சமநிலைப் புலனுக்கு உரியது. சோழியும் புளியங்கொட்டையும் எண்ணியிடும் பல்லாங்குழி விரல்களுக்கு வேலை தந்து மூச்சைச் சீராக்குகிறது. பயறோ மணலோ நிரப்பிய அகன்ற தட்டு, தேங்காய் நார் மிதியடி, களிமண் உருண்டை, இலவம்பஞ்சுத் திண்டு, ஓசையை மட்டுப்படுத்தும் காதுமூடி, ஐந்து நிமிட மணற்கடிகை ஆகியவையும் இருந்தால் அறை நிறைந்துவிடும்.

உடல்நிலைப் புலனைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டும். தள்ளுதல், இழுத்தல், தூக்குதல், பிசைதல் ஆகிய கனமான வேலைகள் பிள்ளைகள் பலரை நிலைப்படுத்துகின்றன. முற்காலத்து வீடுகளில் கிணற்று நீர் இறைத்தலும், ஆட்டுக்கல் சுற்றுதலும், நெல் மூட்டைக்குக் கைகொடுத்தலும் அவ்வேலையை நாள்தோறும் தந்தன. அடுக்ககத்தில் வளர்ந்து, வேனில் ஏறி, பெஞ்சில் அமரும் பிள்ளைக்கு அது கிட்டுவதில்லை. நோட்டுக் கட்டுகளை அலுவலகத்திற்குச் சுமந்து செல்லவும், பெஞ்சுகளை நகர்த்தவும், செடிகளுக்கு நீரூற்றவும் ஆசிரியர் அவனை அழைப்பாராயின், பாதி நாள்களில் அமைதி அறைக்குச் செல்லும் தேவையே எழாது.

திறந்த கதவு

அறையை அமைத்தல் எளிது. அதனைக் கெடாமற் காத்தல் அரிது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நிகழ்ந்தது ஓர் எச்சரிக்கை. அங்குப் பல பள்ளிகளில் 'அமைதி அறை' என்ற பெயரிலேயே பிள்ளைகள் தனியறையில் அடைக்கப்பட்டனர். ஒன்றரைக் கல்வியாண்டிற்குள் 20,000க்கும் மேற்பட்ட முறை இவ்வாறு நிகழ்ந்ததை, பள்ளிகளின் பதிவேடுகளைக் கொண்டே செய்தியாளர்கள் 2019ஆம் ஆண்டு நவம்பரில் வெளிப்படுத்தினர். மாநில அரசு உடனடியாக அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. நல்ல பெயர் தீய செயலைத் தடுப்பதில்லை. ஆதலின் கதவுக்குத் தாழ்ப்பாள் இருத்தலாகாது. வெளியிலிருந்து பார்ப்பதற்குக் கண்ணாடிச் சட்டம் வேண்டும். பொறுப்பான பெரியவர் ஒருவர் கண்ணெட்டும் தொலைவில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

'அமைதி அறைக்குப் போ' என்பது தண்டனைச் சொல்லாக ஒருமுறை ஒலித்துவிட்டால் அறையின் பயன் அன்றோடு முடிந்தது. நன்றாகப் படித்தால் போகலாம் என்று அதனைப் பரிசாக்குதலும் பிழையே. தண்ணீர்ப் பானைக்கு எவ்விதம் எல்லாரும் செல்கின்றனரோ அவ்விதமே அங்கும் செல்லுதல் வேண்டும். ஆட்டிசம் உடைய பிள்ளை, கவனக்குறைவும் துறுதுறுப்பும் உடைய பிள்ளை ஆகியோருடன், பாட்டனாரை இழந்து ஒரு வாரமே ஆன பிள்ளையும், தேர்வு நாளில் கை நடுங்கும் பிள்ளையும், வீட்டில் நடந்த சண்டையைச் சுமந்து வந்த பிள்ளையும் அதன் வாயிலில் நிற்கக்கூடும்.

நடைமுறை எளிதாக இருத்தல் நலம். மேசை மீது ஒரு நீல அட்டையை வைத்தால் ஆசிரியர் தலையசைப்பார், வினா எழுப்பமாட்டார். உள்ளே ஐந்து நிமிடம் முதல் பத்து நிமிடம் வரை. அங்கிருப்பவர் சொற்களைக் குறைத்துக்கொள்வார். கலங்கியிருக்கும் பிள்ளையிடம் 'ஏன் செய்தாய்' என்று கேட்பதால் விடை கிடைப்பதில்லை, கலக்கந்தான் பெருகுகிறது. அந்தக் கேள்விக்குரிய நேரம் மாலையில் வரும். இவ்வழக்கத்தை அமைதியான நாளொன்றில் வகுப்பு முழுமைக்கும் முன்கூட்டியே பழக்குதல் வேண்டும்.

வாயிலில் ஒரு குறிப்பேடு இருத்தல் மிகவும் பயன் தரும். வந்த நேரம், சென்ற நேரம், அதற்கு முன் நடந்தது ஆகிய மூன்றை மட்டும் அதில் எழுதினால் போதும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் உண்மைகள் தாமே வெளிப்படும். வழிபாடு முடிந்த உடனேயே நால்வர் வருகின்றனர் எனில் திருத்தவேண்டியது ஒலிபெருக்கியை. ஒரே பாடவேளையில் பலர் வருகின்றனர் எனில் அவ்வகுப்பின் நடைமுறையை ஆராய்தல் வேண்டும். பிள்ளையின் நோயைக் கணிக்கும் ஏடாக இருப்பதைக் காட்டிலும் பள்ளியின் நலத்தைக் கணிக்கும் ஏடாக அது விளங்கும்.

அளவறிந்து ஏற்றல்

இம்முறை எல்லா இடர்களையும் தீர்க்கும் என்று கூறுதல் நேர்மையாகாது. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைகளின் பயனுக்குச் சான்றுகள் குறைவாகவே உள்ளன என்றும், அதனைப் பெற்றோரிடம் மருத்துவர் தெளிவாகக் கூறவேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012ஆம் ஆண்டில் அறிவித்தது. கனமான போர்வையும் மேற்சட்டையும் விற்போர் கூறும் அனைத்தையும் நம்ப வேண்டுவதில்லை. சிறு குழந்தைகளிடம் அவற்றைத் தனியே விட்டுவைப்பது ஆபத்தாகவும் முடியும். வலிப்பு நோயுள்ள பிள்ளைகள் இருக்கக்கூடும் ஆதலால் வெட்டிவெட்டி எரியும் விளக்குகளைத் தவிர்த்தல் வேண்டும். மழலையர் வகுப்பினர்க்குச் சோழியும் புளியங்கொட்டையும் வாயில் போட்டுக்கொள்ளும் பொருள்கள் என்பதை மறத்தலாகாது. தொடர்ந்து துன்புறும் பிள்ளைக்கு அமைதி மூலை மட்டும் போதாது. மருத்துவரும் சிறப்புப் பயிற்றுநரும் பார்த்தல் வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகின்றனர். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. சட்டமும் துணை நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனது 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசின் ஏற்பு பெற்ற பள்ளிகளும் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருதல் வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே அமைதி மூலையைக் கேட்கும் பெற்றோர் சலுகையைக் கேட்பவராகார்.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும்

இருப்பினும் பெற்றோர் பலர் கேட்பதில்லை. உறவினர் என்ன நினைப்பர், நாளை பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையாகுமோ என்ற அச்சமே காரணம். நெருங்கிப் பழகும் சிறு சமூகத்தில் அவ்வச்சம் இன்னும் ஆழமாக வேர்விடுகிறது. திருமண வீட்டின் மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தையைப் பார்த்து 'வளர்ப்புச் சரியில்லை' என்று மூத்தோர் ஒருவர் கூறும் ஒரு சொல், அதன் தாயை அடுத்த பத்து நிகழ்ச்சிகளுக்கு வரவிடாமல் செய்துவிடுகிறது. பள்ளியில் மூலை அமைப்பதற்கு முன்னர் அந்தச் சொல்லை நாவிலேயே நிறுத்திக்கொள்ளுதல் உறவினர் ஒவ்வொருவராலும் இயலும்.

அறக்கட்டளைகளும் முன்னாள் மாணவரும் தாம் பயின்ற பள்ளிக்குச் சுற்றுச்சுவரும் நினைவு வளைவும் கட்டித் தருதல் வழக்கம். இவ்வாண்டு ஒரு பள்ளியின் தலைமையாசிரியரை அணுகி, பயன்படாதிருக்கும் ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, வெள்ளையடித்து, பாயும் திரையும் ஊஞ்சலும் அமைத்துத் தரலாம். ஆசிரியர் இருவர்க்குப் பயிற்சி பெறும் செலவை ஏற்கலாம். விடுமுறைக் கால வகுப்புகள் நடைபெறும் கூடங்களிலும், அடுத்த திருவிழாவின் பந்தலிலுங்கூட, ஒலிபெருக்கிக்கு எட்டாத ஓரிடத்தில் ஒரு பாயையும் ஒரு தூளியையும் ஒதுக்கி வைக்கலாம். அங்கே ஒரு குழந்தை பத்து நிமிடம் இளைப்பாறி எழுந்து வருமானால், அதன் தாயும் விழா முடியும் வரை அவையில் அமர்ந்திருப்பார்.